எஞ்சினுக்குச் சொன்ன விலை

எண்ணாயிரம் ரூபாய் என்று மெக்கானிக் அண்ணை சொன்னபோது, "காருக்கோ கப்பலுக்கோ?" என்றுதான் நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேறு நாளாக இருந்தால் அவரும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கராச் வாசலில் நின்ற பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு என்று நினைக்கிறேன். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு தெற்கில் நடந்த இனக்கலவரத்தில் எங்கள் கடை எரிந்துபோனது. கட்டிய வேட்டியோடு தீவிலுள்ள எங்கள் ஊருக்கு வந்த என் கணவர் முதல் ஆறு மாதமும் முற்றத்தை விட்டு வெளியே போகவில்லை. என் சீதனக் காசில் வங்கியில் மிச்சமிருந்ததை எடுத்து ஒரு பழைய ஒஸ்ரின் ஏ போட்டி (A40) கார் வாங்கினோம். நயினாதீவுக் கோயிலுக்குப் போகும் சனத்தை யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் அவருடைய தொழில். கார் ஓடத் தொடங்கிய பிறகுதான் மனிதர் திரும்பவும் கதைக்கத் தொடங்கினார். யார் எந்த நேர்த்திக்கு வந்தார்கள், எந்தப் பிள்ளை வழி நெடுகச் சத்தி எடுத்தது என்றெல்லாம் இரவுச் சாப்பாட்டில் சொல்லுவார். வருமானம் பெரிதில்லை. அந்தக் கதைகளுக்காகவே கார் ஓடவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போது கார் புகைக்கத் தொடங்கியிருந்தது. எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்ரனும் றிங்கும் புதிதாகப் போடவேண்டும் என்று அண்ணை சொன்னார். பிறகு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்.

"அவ்வளவு செலவழிக்க விருப்பமில்லையெண்டால் உந்த நிலையிலேயே நான் எடுக்கிறன், தங்கச்சி. வாங்கின விலையைத் தருவன்."

அந்தக் கடைசி வசனம்தான் என் நித்திரையைக் கெடுத்தது. எஞ்சின் போன காரை வாங்கிய விலைக்கே எடுப்பவர் மடையனாக இருக்கவேண்டும், அல்லது எஞ்சின் போகாமல் இருக்கவேண்டும். அண்ணை மடையன் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

வேறு யாராவது என்றால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். இவர் என் கணவருக்கு ஒன்றுவிட்ட மச்சான், எனக்கு அண்ணன் முறை. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. ஓம் என்று கொடுக்கவேண்டும், அல்லது பிறகு பார்ப்போம் என்று எழும்பி வரவேண்டும். பேரம் பேசினால் அடுத்த கலியாண வீட்டில் உங்களோடு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். நான் பிறகு பார்ப்போம் என்று எழும்பினேன். அண்ணை ஒரு தேய்ந்த றிங்கைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். பழுதான சாமானை உடையவரிடம் கொடுப்பது மெக்கானிக்மாரின் வழக்கம். தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று வழியில் கணவரைக் கேட்டேன்.

"உம்மடை காசு. நீர்தானே சொல்லவேணும்" என்றார்.

கடை நடத்திய மனிதர் இப்படிச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மூட்டை சீனியைத் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லக்கூடியவர் அவர். காரைத் திருத்துவதென்றால் என் காப்புச் சோடியை விற்கவேண்டும். விற்கத் தயாராகத்தான் இருந்தேன். ஏமாறத்தான் தயாராக இல்லை. ஏமாறாமல் இருப்பதற்காகக் காரை விற்றால், இவர் மறுபடியும் முற்றத்தில் குந்திவிடுவாரோ என்ற பயம். இரண்டில் எது நட்டம் என்று எப்படிக் கணக்குப் பார்த்தும் பிடிபடவில்லை.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் தெற்கில் கடை வைத்திருந்தவர். றிங்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எட்டோ? அப்ப நாலுதான் பிள்ளை. ஆர் என்ன விலை சொன்னாலும் பாதிதான் மெய்."

"எஞ்சினுக்குமோ?"

"எஞ்சினெண்டால் என்ன, வெங்காயமெண்டால் என்ன?"

தீவுக்காரருக்குத் தெரிந்த ஒரே எஞ்சின் வள்ளத்து எஞ்சின்தான். அதனால் அடுத்த நாள் ஊர்காவற்றுறையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் துறையடிக்குப் போனேன். அங்கே வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிற ஒரு கிழவர் இருந்தார். கார் எஞ்சினைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. புத்தகப் பையிலிருந்து றிங்கை எடுத்து, ஒரு ரீச்சருக்குரிய முகத்தோடு நீட்டினேன். அவர் முதலில் உப்புத் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார். கார் கடலுக்குள் போவதில்லை என்றேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று யோசித்தார். பிறகு றிங்கைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன காரெண்டு சொன்னனீர்?"

"ஏ போட்டி."

"ரீச்சர், ஏ போட்டியின்ரை பிஸ்ரன் தேத்தண்ணிக் கப்பு அளவு. இந்த றிங் சோத்துக் கோப்பை அளவு கிடக்கு. இது ஏதோ லொறியின்ரை."

எனக்குக் காது சூடேறியது. சொந்தமும் மண்ணாங்கட்டியும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸிலேயே கராச்சுக்குப் போனேன். அண்ணை தனியாக நின்றார். றிங்கை அவருடைய மேசையில் போட்டேன். அது கணீரென்று விழுந்தது.

"கடலுக்குள்ளை ஓடுற லொறியோ அண்ணை எங்கடை கார்? இப்பிடித்தான் சொந்தச் சகோதரியை ஏமாத்துறதோ? கார் வேணுமெண்டால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

இன்னும் பலதும் சொன்னேன். என் மூச்சு முடியும் வரைக்கும் பொறுத்திருந்தவர், இருப்பதற்கு ஒரு மர வாங்கை இழுத்துப் போட்டார்.

"இரும் தங்கச்சி. கையிலை கிடைச்சதை எடுத்துத் தந்தனான். நீர் உதைக் கொண்டு ஊரெல்லாம் திரிவீரெண்டு ஆருக்குத் தெரியும்? எஞ்சினை நான் கழட்டவே இல்லை. அதுக்குச் சின்ன வேலைதான். ஒரு பின்னேரத்திலை முடிச்சிடுவன்."

"அப்ப ஏன் எண்ணாயிரம்?"

"உம்மடை மனுசன்தான் சொல்லச் சொன்னவன். அவள் மலைச்சுப்போய்க் காரை விக்கிற மாதிரி ஒரு விலை சொல்லு மச்சான் எண்டு கேட்டவன். உங்கடை காசு அழியக்கூடாதெண்டுதான் வாங்கின விலைக்கு நானே எடுக்கிறனெண்டனான்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன்?" என்றேன்.

"போன மாசம் மண்டைதீவுச் சந்தியிலை மறிச்சவங்களாம். காரிலை வந்த சனத்தை நடந்து போகச் சொல்லிப்போட்டு இவனை மட்டும் தாரிலை முழங்காலிலை இருத்தினவங்கள். காலமையிலை இருந்து பின்னேரம் வரைக்கும். அதுக்குப் பிறகு காரிலை ஏறினால் கை நடுங்குதாம். ஒரு மாதிரிச் சமாளிச்சு ஓடினவன், இப்ப திறப்பைப் போட்டுத் திருப்பவே ஏலாமல் கிடக்காம். கார் ஏலாதெண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம், எனக்கு ஏலாதெண்டு அவளுக்கு எப்பிடி மச்சான் சொல்லுறது எண்டு இந்த வாங்கிலை இருந்து அழுதவன்."

யார் மறித்தது என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் மறிப்பதற்குப் பல பேர் இருந்தார்கள். அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருடைய லோங்ஸ் இரண்டு முழங்காலிலும் கிழிந்திருந்தது. ரயர் மாற்றக் குனிந்ததில் கிழிந்தது என்றார். புதுத் துணி என்று நான் ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னதெண்டு அவனுக்குக் காட்டிக்கொள்ளாதேயும்" என்றார் அண்ணை.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. மச்சானிடம் சொல்லி அழுதவர் என்னிடம் அழவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது. என் வாய்க்குப் பயந்துதான் சொல்லவில்லையோ என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஆறுதலா, அல்லது மிச்சமிருந்த மானமும் போய்விடுமா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதற்கு விடை தெரியாது.

அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எழும்பி நின்றார்.

"விசாரிச்சனீரோ? அவன் சொன்ன விலை நியாயமோ?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன்.

"நியாயமான விலைதான்" என்றேன். "எஞ்சின் முழுக்கப் போயிட்டுது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. காரை அண்ணைக்கே குடுத்திடுவம்."

"சரி" என்றார். மெல்லக் கதிரையில் இருந்தார்.

நான் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டினேன். கொஞ்ச நேரத்தில், கலியாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம் வராத மனிதர், வாசலில் வந்து நின்றார்.

"தேங்காய் திருவித் தரட்டோ?"

அவருக்குத் திருவத் தெரியாது. திருவலையையும் தேங்காய்ப் பாதியையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைக் காட்டாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.