மூவாயிரம் வீட்டுக்காரர்

டொரொண்டோவில் ஒரு வீட்டை விற்க வேண்டுமென்றால், அதில் இதுவரை மனிதர் யாரும் குடியிருந்ததில்லை என்று முதலில் காட்ட வேண்டும். சுவரிலிருந்து கல்யாணப் படங்களைக் கழற்ற வேண்டும். பிரிட்ஜ் கதவில் பேரப்பிள்ளை கீறி ஒட்டிய யானையை உரிக்க வேண்டும். ஒரு கிழமைக்கு மீன் பொரிக்கக் கூடாது. பிறகு சமையலறை மேசையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய பிளாஸ்டிக் தேசிக்காய் வைக்க வேண்டும். இதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். நான் பதினாறு வருடமாக ஸ்காபரோவில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். என் காரின் பின்பக்கத்தில் அந்தத் தேசிக்காய்கள் எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி, எலுமிச்சைத் தண்ணி கரைப்பதற்கு அதில் ஒன்றை வெட்டப் போய் என் கத்தியை மழுக்கினாள். வீடு வெறுமையாக இருந்தால்தான் வாங்க வருகிறவர் தன்னை அதற்குள் வைத்துப் பார்ப்பார் என்று அவளுக்கு விளக்கினேன். "அப்ப முந்தி இருந்த சனம் எங்க போனது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினமோ?" என்றாள். கேட்கமாட்டார்கள் என்றேன். கேட்கிற ஒருவர் அடுத்த மாதமே எனக்குப் போன் எடுப்பார் என்று அப்போது தெரியாது.

போனில் வந்தவர் பெயர் வலீத். சிரியாக்காரர். "மேடம், என்ர மனுசிக்கு ஒரு வீடு வேணும். எனக்கு வேண்டாம், என்னட்டை வீடு இருக்கு. மூவாயிரம்." எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அதை நான் இங்கே என் தமிழில் ஒட்டித் தருவதால், சிரியாக்காரர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்களே என்று யாரும் குறை நினைக்கக் கூடாது. மூவாயிரம் வீடா என்று கேட்டேன். "ஓம், மூவாயிரம். ஹோம்ஸிலயிருந்து கொண்டுவந்தனான்." ஹோம்ஸ் என்பது அவருடைய நகரத்தின் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் 'வீடுகளிலிருந்து' என்று சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். எல்லாம் இப்போது எங்கே என்று கேட்டேன். "இஞ்சதான்," என்றார். தன் தலையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். போனில் அது தெரியுமா?

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் ஒரே பரபரப்பு. என் கணவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி நின்றார். "இஞ்சேரும், உவர் பெரிய பில்டர் போல கிடக்கு. உவரை விட்டிடாதேயும்." மறுநாள் என் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பில்டருக்கு ஏற்ற மாதிரி பக்கத்து மார்க்கம் நகரில் ஐந்து அறையும் மூன்று கராஜும் உள்ள மாளிகை ஒன்றைக் காட்ட ஒழுங்குசெய்தேன். அவர்கள் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வலீத் அந்த பஸ்ஸின் சாரதி. ஹோம்ஸில் இருபது வருடம் அரபு இலக்கியம் படிப்பித்தவராம். மனைவி ஹனான் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறவள், ஆங்கிலம் அவரைவிட நன்றாகப் பேசுகிறவள். வெறும் வரவேற்பறையின் நடுவில் போய் நின்ற வலீத், கையை உயர்த்தி, கண்ணை மூடி, முழங்குகிற குரலில் ஏதோ சொன்னார். சுவர்கள் திருப்பிச் சொல்லின. "இது ஒரு வீடு," என்றார் பெருமையாக. நான் ஹனானைப் பார்த்தேன். ஹனான் கூரையைப் பார்த்தாள்.

பிறகுதான் விளங்கியது. அரபு மொழியில் பைத் என்றால் வீடு. கவிதையின் ஒரு வரிக்கும் பைத் என்றுதான் பெயர். மூவாயிரமும் அவர் மனப்பாடமாகக் கொண்டுவந்த வரிகள். கூடாரத்தில் வாழ்ந்த சனம் கவிதையையும் கூடாரமாகவே அடித்திருக்கிறது. வரியின் ஒரு பாதி, கதவின் ஒரு பக்கம். அசைகளுக்குக் கயிறு என்றும் முளை என்றும் பெயர். எங்கள் மொழியில் வீடு என்றால் மோட்சம், இந்த நாட்டில் வீடு என்றால் மோட்கேஜ் என்று நான் பதிலுக்குச் சொன்னேன். வலீத் அதை ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்று இரவு, பில்டர் பஸ் சாரதி என்று கேட்டதும் என் கணவர் கதிரையில் திரும்ப இருந்துவிட்டார்.

அதன்பிறகு நான்கு மாதம் அவர்களை ஸ்காபரோ முழுவதும் கொண்டு திரிந்தேன். வேறு எவரும் வீடு பார்க்கப் போனால் பைப்பைத் திறந்து பார்ப்பார்கள், கூரைக்கு எத்தனை வயது என்று கேட்பார்கள். வலீத் ஒவ்வொரு அறையிலும் ஒரு கவிஞரைக் குடிவைத்துப் பார்த்தார். விறாந்தை அகலமாக இருந்தால், ஆயிரம் வருடத்துக்கு முன் அலெப்போ அரசனின் சபையில் இருந்த ஒருவரை அங்கே நிறுத்துவார். அரசனைப் புகழத் தொடங்கி, முடிக்கும்போது தன்னைப் புகழ்ந்து முடிப்பாராம். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்களை நினைத்துக்கொண்டேன். படுக்கையறைக்குப் போன நூற்றாண்டின் காதல் கவிஞர் ஒருவர். அவருடைய புத்தகத்தைத் தாய்மார் ஒளித்துவைப்பார்களாம், பிறகு தாங்களே ஒளித்துவைத்து வாசிப்பார்களாம். கடைசிக்கு ஒரு பேஸ்மென்டில், கண் தெரியாத ஒரு பழைய கவிஞரைப் பற்றிச் சொன்னார். இறைச்சி தொடமாட்டார், வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், மனிதர், கடவுள், விதி எல்லாவற்றிலும் சந்தேகம். "வலீத், உப்பிடி ஒராள் கிடைச்சால் சொல்லுங்கோ," என்றேன். "மரக்கறி, சத்தமில்லை, விருந்தாளி இல்லை, லைட்டும் போடமாட்டார். எங்கட சனம் பேஸ்மென்டுக்கு வாடகை ஆளா அடிபட்டு எடுக்கும்." அவர் சிரித்துச் சிரித்துப் படியில் இருந்துவிட்டார்.

ஹனான் சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியவள் அவள். எல்லாவற்றிலும் தலைக்கு மேல் வேறு யாரோ நடந்திருக்கிறார்கள். "இந்தக் கவிஞர்கள் எல்லாம் வீட்டுக்காக அழுவினம்," என்றாள் என்னிடம். "அந்த வீட்டைக் கூட்டினது ஆர் எண்டு ஒருத்தரும் எழுதயில்லை. எனக்கு ஒரு கதவு வேணும், கௌரி. நான் பூட்டினால் பூட்டி இருக்கிற கதவு. கவிதையில இல்லாத கதவு." அன்றிலிருந்து எனக்கு இது வெறும் தொழிலாக இல்லாமல் போய்விட்டது.

கெனடி வீதிக்குப் பக்கத்தில் அந்தக் கதவு கிடைத்தது. சின்னச் செங்கல் பங்களா. சொந்தக்காரி டோரதி என்ற எண்பது வயதுப் பெண். கணவர் இறந்துவிட்டார், மகனோடு ஒஷாவாவுக்குப் போகிறார். ஹனான் முன்கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தாள். நான்காவது முறை உள்ளே நின்று மூடினாள். அதைவிட எனக்கு வேறு சமிக்ஞை வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஆறு பேர் போட்டி. இப்படி நேரங்களில் வாங்குகிறவர் விற்கிறவருக்கு ஒரு கடிதம் வைப்பது இங்கே வழக்கம். உங்கள் வீடு எங்கள் மனதைத் தொட்டது, மேப்பிள் மரத்தடியில் எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று நாலு வரி. ஹனானுக்கு அன்று வேலை. வலீத் எழுதுகிறேன் என்றார். இலக்கிய வாத்தியார் எழுதினால் கல்லும் கரையும் என்று நானும் நம்பினேன். என் வாழ்நாளில் விட்ட பிழைகளில் அதற்குத்தான் முதலிடம்.

கோப்பிக் கடையில் இருந்து மூன்று பக்கம் எழுதினார். போனில் உள்ள மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு நாங்கள் இருவரும் அதை ஆங்கிலமாக்கினோம். நல்ல அரபுக் கவிதை ஒன்று அந்தக் காலத்திலிருந்து எப்படித் தொடங்க வேண்டுமென்று வலீத் எனக்கு விளக்கினார். போகிற பயணத்தை நிறுத்த வேண்டும். கூட வருகிறவர்களையும் மறித்து நிறுத்த வேண்டும். ஆட்கள் விட்டுப்போன இருப்பிடத்தின் முன் நின்று அழ வேண்டும். அடுத்தது ஒட்டகம். அதன்பிறகுதான் விஷயம். எங்கள் விழாக்களில் மேடையில் உள்ளவர், இல்லாதவர், வரவிருப்பவர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி முடித்த பிறகுதானே விஷயம் வருகிறது, இதிலென்ன என்று நினைத்து, சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்தேன். ஒட்டகத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

கடிதம் போய் இரண்டு மணித்தியாலத்தில் டோரதியின் ஏஜென்ட் ஜேசன் போன் எடுத்தான். "கௌரி, வீடு சோதிச்ச உங்கட இன்ஸ்பெக்டர் என்ன கண்டுபிடிச்சவர்?" எங்களுக்கு இன்ஸ்பெக்டரே இல்லை என்றேன். அவன் கடிதத்தை வாசித்தான். 'உங்கள் வீட்டின் இடிபாடுகளுக்கு முன்னால் நின்று அழுகிறேன்.' "அத்திவாரம் வெடிச்சிட்டுதா?" 'அடுப்புக் கற்கள் கறுத்துக் கிடக்கின்றன.' "நெருப்புப் பிடிச்சதா?" 'மழை சுவர்களின் எழுத்தை அழித்துவிட்டது.' "பேஸ்மென்டில தண்ணியா?" கடைசியாகக் குரலைத் தாழ்த்தினான். "'உன் மனிதர்கள் எங்கே போனார்கள், டோரதி?' கௌரி, இது வெருட்டலா?" நான் கவிதை மரபைப் பற்றி விளக்கினேன். பதினாறு வருடத்தில் ஒரு ஏஜென்டுக்கு நான் சொன்ன மிக நீளமான பொய் என்று அவன் அதை நினைத்திருப்பான். அந்த வீட்டின் தளத்தைத் தன் கணவர் தன் கையால் பதித்தவர் என்று டோரதி அழுதாராம். வீடு வேறு ஆட்களுக்குப் போனது. அவர்களுடைய கடிதத்தில் நாலு வரியும் ஒரு நாயின் படமும் இருந்தனவாம்.

ஹனான் அவரோடு பத்து நாள் பேசவில்லை. என்னோடு பதினொரு நாள். "ஊரில குண்டு போட்டு வீட்டை எடுத்தாங்கள். இஞ்ச இவர் அழுது எடுத்திட்டார்," என்று பிறகு சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

உண்மையில் எனக்கு வலீத்தில்தான் கோபம் அதிகம். ஒரு வீட்டுக்காக அழுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எங்களுக்கும்தான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் வீடு இருந்தது. இருபத்தேழு வருடம் ஆமியிடம் இருந்துவிட்டு, காணி விடுபட்டதும் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. சுவர் இல்லை, அத்திவாரக் கல்லும் இல்லை. எல்லைகூட இல்லாததால் எது எங்கள் காணி என்று தெரியவில்லை. கூட வந்த கணவர் காணிப் பத்திரமான உறுதியின் போட்டோப் பிரதியைப் பிடித்துக்கொண்டு காலடியால் அளந்து திரிந்தார். பக்கத்தில் ஆமி நடத்திய தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்தது. வெயிலுக்கு அங்கே போய் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன். நல்ல தேத்தண்ணி. அதைக் குடித்தேனே என்றுதான் இன்றுவரை என்மேல் எனக்கு ஆத்திரம். அழுகை வரவில்லை. இடிபாட்டுக்கு முன் நின்று அழுவதற்கு இடிபாடாவது இருக்க வேண்டும்.

கடைசியில் ஒஷாவாவில் ஒரு டவுன்ஹவுஸ் அமைந்தது. கடிதத்தை ஹனான் எழுதினாள், இரண்டே வரி. வலீத் காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் வைத்தார். புதுக் கதவின் திறப்பு கையில் கிடைத்த அன்று காலை அவர்களை என் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவர்களுடைய அபார்ட்மென்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் டோரதியின் பங்களா. அந்தத் தெருவில் திரும்பும்போது வலீத், "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார்.

பங்களாவின் பாதி விழுந்திருந்தது. மற்றப் பாதியை ஒரு இயந்திரம் கடித்துக்கொண்டிருந்தது. மூன்று மாடி மாளிகை வரப்போகிறது என்று வேலியில் படம் தொங்கியது. வாங்கியவர் ஒரு பில்டர். அந்த நாய் யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாது. அடுப்படிச் சுவர் கறுத்து, முதல்நாள் மழையில் ஊறிக் கிடந்தது. கடிதத்தில் எழுதியது ஒரு சொல் பிசகாமல் அங்கே நின்றது. நிறுத்தக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே காரை நிறுத்தினேன். மூவரும் இறங்கி வேலியோரம் நின்றோம். மஞ்சள் தொப்பி போட்ட வேலையாள் ஒருவன் வந்து, "நீங்கள் இதிலயா இருந்தனீங்கள்?" என்று கேட்டான். "இல்லை," என்றாள் ஹனான். "ஓம்," என்றார் வலீத். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போனான்.

வலீத் தன் மூவாயிரத்தில் ஒன்றைச் சொன்னார், இந்த முறை மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "இப்ப உங்கட," என்றார். என்னிடம் கவிதை ஒன்றும் இல்லை என்றேன். "கவிதை இல்லை. வீடு," என்றார். எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். எத்தனையோ தரம் எடுத்து வாசித்த உறுதி. வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது.

"பனிச்சையடி என்னும் காணி பரப்பு நாலு. இதற்கெல்லை, கிழக்கு சின்னத்தம்பி பெண் பொன்னம்மாவும் பங்காளரும். வடக்கு ஒழுங்கை. மேற்கு கோயிற்காணி. தெற்கு வாய்க்கால். இந்நாலெல்லைக்குள் அடங்கிய நிலம், வீடு, கிணறு, பனை, தென்னை, வழி வாய்க்கால் உரித்து யாவும் முழுவதும்."

'முழுவதும்' என்ற சொல் வந்ததும் அழுதேன். பிளேன்டீக்கும் சேர்த்து அழுதேன். ஹனான் புதுத் திறப்பு இருந்த கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். திறப்பின் பல் கோட்டுக்கு மேலால் குத்தியது. வலீத் கண்ணை மூடி, விரலால் வேலிக் கம்பியில் தாளம் போட்டபடி நின்றார்.

"பெரிய கவிஞர்," என்றார். "ஆர்?"

"உறுதி எழுதின எங்கட ஊர் நொத்தாரிசு."

அவர் கொப்பியை எடுத்தார். "இது எத்தினை வீடு?"

"ஒண்டு," என்றேன்.