மேனேஜர் அடித்த மணி

எனக்குக் காது போனது பதினான்கு வயதில், ஒரு விஷக் காய்ச்சலில். நல்ல வேளையாகப் பேச்சு தங்கிவிட்டது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று கண்டுபிடிக்கவும் பழகிக்கொண்டேன். ஐம்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரைஸ் மில்லுக்கு வேலை கேட்டுப் போனேன்.

மேனேஜர் நல்லவர். என் வாழ்க்கையில் நல்லவர்களிடம்தான் நான் அதிகம் பட்டிருக்கிறேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மேசை மேலிருந்த பித்தளை மணியை என் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை அடித்தாராம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரே சொல்லும். அதை மணியை வைத்துச் சோதித்துப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நான் பெயிலானேன். மிஷின் ரூமில் செவிடனை விட்டால் ஆபத்து, பாவம், வெளியே களத்தில் காயும் நெல்லைக் கிளறிக்கொண்டு காக்காய் ஓட்டு என்றார்.

மிஷின் ரூமில் எஞ்சினும் நெல் அரைக்கும் ஹல்லரும் ஓட ஆரம்பித்தால் எவனுக்கும் எதுவும் கேட்காது. அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். தலையில் தட்டினால் 'நெல்லைக் கொட்டு'. மார்பில் இரண்டு தட்டு தட்டினால் 'சரி'. முழங்கையை மடக்கினால் 'நிறுத்து'. களத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தே ஒரு வாரத்தில் அத்தனையும் எனக்கு மனப்பாடம். காது வேண்டியது களத்தில்தான். ஆரம்பாக்கத்து நெல் வண்டிகள் முதுகுப் பக்கமாக வரும். ஓரம் போ என்று வண்டிக்காரர் கத்துவார். மொத்த மில்லிலும் காது அவசியப்பட்ட ஒரே இடத்தில், காது கேட்காத ஒரே ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

ஒரே ஆள் என்றுதான் நானும் நினைத்தேன். மிஷின் ரூம் மேஸ்திரி இருபது வருஷம் ஹல்லர் பக்கத்திலேயே நின்றவர். வெளியே வந்து டீ குடிக்கும்போதும் பேசுகிறவர் வாயையே பார்ப்பார். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். பெரிய ஆள், அந்த மிதப்பு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பாம்பின் கால் பாம்பறியும். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு நாள் நடக்கவேண்டியது நடந்தது. வண்டிக்காரர் கத்தியிருக்கிறார். நுகத்தடி தோளில் இடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாடு மிரண்டு, காய்ந்துகொண்டிருந்த நெல்லை எல்லாம் மிதித்துத் துவைத்துவிட்டது. சனிக்கிழமையோடு நின்றுகொள் என்றார் மேனேஜர். அம்மா நாலு வீட்டில் மாவு இடித்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. மேனேஜரோ அதோடு விடவில்லை. மில்லுக்குள் இன்னும் எத்தனை செவிடு ஒளிந்திருக்கிறதோ என்று, மிஷின் ரூம் ஆட்கள் எல்லோருக்கும் மணிப் பரீட்சை வைத்தார்.

வெள்ளிக்கிழமை எஞ்சினை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகக் களத்தைப் பார்த்து நிற்கவேண்டும். பின்னால் மணி அடிக்கும்போது கையைத் தூக்கவேண்டும். கடைசியாக மேஸ்திரி வந்து நின்றார். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது.

எதிரே நெல்லுக்கு நடுவில் நான் நின்றேன். மேனேஜரின் கை அசைந்ததும் தலையில் தட்டிக்கொண்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். கை மேலே போனது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மேனேஜர் கெட்டிக்காரத்தனமாக மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டினார். நான் சும்மா நின்றேன். மேஸ்திரியும் கை தூக்கவில்லை. காக்காய் ஓட்டுகிறவன் தலையைத் தட்டிக்கொள்வதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. இந்த வயசில் என்ன காது பாருங்கள் என்று எல்லோரிடமும் மேஸ்திரியைக் காட்டினார். அந்தச் சந்தோஷத்திலேயே நேராக என்னிடம் வந்து, தோளில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்தபடியே மேஸ்திரியிடம் கேட்டார்.

"மேஸ்திரி, இவன உள்ள உன் பக்கத்துல வெச்சிக்கிறியா? உன் காது ரெண்டு பேருக்கும் போதும்."

மேஸ்திரிக்குத் தெரிந்தது மேனேஜரின் முதுகு மட்டும்தான். என்னைப் பார்த்தார். நான் மார்பில் இரண்டு தட்டு தட்டினேன். சரிங்க என்றார்.

திங்கட்கிழமை மிஷின் ரூமில், அன்றைக்கு மேனேஜர் என்ன கேட்டார் என்று மேஸ்திரி கையாலேயே விசாரித்தார். சொன்னேன். அவர் கிட்ட வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

"அது என் காதுல வுழுந்திருந்தா வேணான்னுதான் சொல்லியிருப்பேன், நைனா. விஷயம் தெரிஞ்சவன எவனாவது பக்கத்துல வெச்சிக்குவானா?"

எனக்குச் சுருக்கென்றது. உன் பிழைப்பைக் காப்பாற்றியவன் நான்தானய்யா என்று கத்த வாயைத் திறந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ரூமில் யாரிடம் கத்துவது? அவர் தலையில் தட்டிக்காட்டினார். நான் மார்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மூட்டையைத் தூக்கி நெல்லைக் கொட்டினேன்.