வெட்டிய குழல்

செவ்வாய், காலை: பணிமனையில் கடைசல் இயந்திரத்தின் அருகே காக்கா விழுந்தார். உடன் வேலை செய்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

செவ்வாய், மாலை: இறந்தார். சென்னையிலிருந்த எனக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது.

புதன்: துபாய் வந்து சேர்ந்தேன். பணிமனை உரிமையாளர் கையெழுத்திட வேண்டிய தாள்களில் கையெழுத்திட்டார்.

வியாழன், மாலை அஸர் தொழுகைக்குப் பின்: ஜனாஸா தொழுகை. அடக்கம் இங்கேயே.

வெள்ளி: கராமாவில் அவர் தங்கியிருந்த அறையில் பொருள்களைப் பிரித்தேன். நான்கு சட்டைகள், தொழுகை விரிப்பு, மருந்துகள், சாண் நீளமுள்ள ஓர் இரும்புக் குழல் துண்டு.

மற்றவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்தத் துண்டைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் கடற்கரை ஊர் வழக்கில் அண்ணன்தான் காக்கா. அவர் பத்தாம் வகுப்பிலும் நான் மூன்றாம் வகுப்பிலும் இருந்தபோது, நாங்கள் துபாயின் தேராவில் வாப்பாவின் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கயிறு, தார்ப்பாய், அரிக்கன் விளக்கு, கூடாரச் சாமான்கள் விற்கும் கடை அது. கடையும் எங்கள் விசாக்களும் ஓர் அரபியின் பெயரில் இருந்தன. அவரை எல்லோரும் முதலாளி என்ற பொருளில் அர்பாப் என்றே அழைத்தோம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்பதே எனக்கு வெகுநாள் தோன்றவில்லை.

கூடாரத்துக்கு இரும்புக்கால்கள் வாங்க வருபவர்கள் தத்தம் வண்டியின் நீளத்துக்கு ஏற்ப அவற்றை வெட்டிக் கேட்பார்கள். பள்ளி விட்டு வந்ததும் காக்கா கடையின் பின்கட்டில் பிடிசட்டத்தில் குழாயை இறுக்கி அறுப்பார். அறுத்த முனை சற்றுச் சாய்ந்திருந்தாலும் கேடில்லை. மணலுக்குள் போகப்போவதுதானே.

ஒரு நாள் மாலை அர்பாபின் மகன் கம்பளியில் சுற்றிய நீண்ட பொருளொன்றோடு பின்கட்டுக்கு வந்தான். அவனுடைய பாட்டனார் காலத்துத் துப்பாக்கி அது. அந்த வாரம் அவர்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். இளைஞர்கள் வட்டமாக நின்று துப்பாக்கியை விரல்களில் சுழற்றி, வானத்தில் எறிந்து பிடிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒத்திகையில் அவன் அதை மூன்று முறை கீழே போட்டு, மச்சான்மார்களின் வாயில் விழுந்திருந்தான். துப்பாக்கி அவனுக்கு மிக நீளம். மூக்குப் பக்கம் கனம்.

“பாய், கொஞ்சம் குறைச்சுக் கொடு. கூடாரக்கால் மாதிரிதானே?” என்றான், சினிமாக்களில் கற்ற இந்தியில்.

“அர்பாபுக்குத் தெரியுமா?” என்று காக்கா கேட்டார்.

“அவருக்குப் பார்வை குறைஞ்சு போச்சு. ஜல்தி, ஜல்தி.”

காக்கா துப்பாக்கியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். அவருக்குச் சரியென்றே பட்டது. குட்டையான பொருள் கைக்கு அடங்கும். இதில் அவர் தவறவுமில்லை. அறுக்கும்போது அது துள்ளாமலிருக்க அதன் பின்புற மரக்கட்டையின்மீது பாரத்துக்காக என்னை உட்கார வைத்தார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. வெட்டுண்ட துண்டிலிருந்து குறி பார்க்க உதவும் முள்ளைக் கழற்றி, குறைந்த குழலின் நுனியில் ஈயம் காய்ச்சி ஒட்டினார். அர்பாபின் மகன் அதை அங்கேயே சுழற்றிப் பார்த்தான். காற்றாடிபோல் சுற்றியது. காக்காவின் முதுகில் தட்டிவிட்டுப் போனான். துண்டு பிடிசட்டத்தின் அடியில் கிடந்தது.

பிற்காலத்தில் நான் பொறியியல் கல்லூரியில் இயக்கவியல் கற்பித்தேன். குழல் நீளமாயிருந்தால் வெடிமருந்தின் வாயு குண்டை அதிகத் தொலைவு தள்ளும், வேகம் கூடும். குழல் குறைந்தால் மருந்தின் ஒரு பகுதி வெளியே எரிந்து தீயாகவும் ஓசையாகவும் வீணாகும். ஆனால் நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வாயு தளர்ந்தபின் மிஞ்சும் குழல் குண்டைத் தள்ளுவதில்லை. உராய்ந்து இழுத்துப் பிடிக்கிறது. குட்டைக் குழல் தன்னளவில் குறி தவறுவதில்லை. விறைப்பாயிருப்பதால் நன்றாகவே சுடக்கூடும். ஆனால் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைத்தொலைவு சுருங்குவதால் கண்ணின் சிறு பிழை இலக்கில் பெரும் பிழையாகிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது வாய் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரிவது அதைத்தான். அது சாய்ந்திருந்தால் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டை மறுபக்கம் தள்ளிவிடும். அதற்குப்பின் எதுவும் அதைத் திருத்த முடியாது.

பின்கட்டில் இவை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திருமணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மகனின் ஆட்டம் அற்புதமாயிருந்தது. அவன் எறிந்த துப்பாக்கி விளக்குகளுக்கு மேலே போய்த் திரும்பி அவன் கைக்கே வந்தது. நான் காக்காவின் விலாவில் இடித்து, “நாம செஞ்சது” என்றேன். “வாய மூடு மவனே” என்றார்.

மறுநாள் காலை முதியவர்களின் முறை. தூரத்து மணல்மேட்டில் பால்பவுடர் டப்பா ஒன்றை வைத்துச் சுடுவது அவர்கள் வழக்கம். அர்பாப் அந்தத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்தார். முதல் வெடியில் வாயிலிருந்து தீ ஒரு முழம் சீறியது; அருகிலிருந்த ஒட்டகம் எழுந்து ஓடியது. டப்பா அசையவில்லை. இரண்டாவது குண்டு டப்பாவுக்குக் கீழே மணலைக் கிளறியது. மூன்றாவது எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியவில்லை. அர்பாப் குழலின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பார்வை குறைந்தவரின் விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“இதற்கு யாரப்பா சுன்னத்துச் செய்தது?” என்றார் ஒரு கிழவர். மணல்வெளியே சிரித்தது. அர்பாப் சிரிக்கவில்லை. மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாப்பாவின் முகத்தில் இரத்தமில்லை. கடை, விசா, நாங்கள் இருந்த கூரை யாவும் ‘முடிந்தது’ என்று அந்த முதியவர் சொல்லக்கூடிய ஒரு கலாஸில் அடங்கியிருந்தன என்பதை வாப்பா அறிவார். நான் அறியேன்.

காக்கா முன்னால் போய் நின்றார். “நான்தான் வெட்டினேன். நான் மட்டும். வேற யாருக்கும் தெரியாது.”

எனக்குத் தாங்கவில்லை. “நானும்தான்! நான்தான் மேல உக்காந்திருந்தேன்!” என்று கத்தினேன்.

மறுபடியும் சிரிப்பு. இம்முறை அர்பாபும் சிரித்துவிட்டார். என் கன்னத்தைக் கிள்ளி ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். பின்பு காக்காவின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை நல்ல கை. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. என் பணிமனையில் இருக்கட்டும். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை” என்று வாப்பாவிடம் சொன்னார். கெட்ட மனிதரல்லர். பரிசு தருவதாகவே எண்ணியிருப்பார்.

அன்றிரவு உணவின்போது உம்மா கேட்டார்: “புள்ளயக் கேட்டியளா? பரீச்சைக்கு இருக்கான்.”

“கேக்குற இடத்துலயா நாம இருக்கோம்?” என்றார் வாப்பா. “அந்த மனுசன் சிரிச்சாரே, அதுவே பெருசு.”

“எனக்குச் சம்மதந்தான் உம்மா” என்று காக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “கடைசல் மெஷினெல்லாம் இருக்காம்.”

அங்கே வேலைக்குப் போனால் வெள்ளிக்கிழமைகளில் அர்பாபோடு பாலைவனம் போகலாம்; ஜீப்பில் முன்னால் உட்காரலாம். எனக்குப் பொறாமையில் காய்ச்சலே வந்தது. வெட்டியது இருவர், பெருமை ஒருவருக்கு. ‘நான் மட்டும்’ என்று கூசாமல் பொய் சொல்லி என் பங்கையும் எடுத்துக்கொண்டார் என்று உறுதியாக நம்பினேன். அவரை அழைத்துப் போக ஜீப் வந்த காலையில் நான் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். காக்கா கீழே நின்று இரண்டு முறை என் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு ஓட்டுநர் “யல்லா, போகலாம்” என்றது கேட்டது.

உம்மா அவருடைய பள்ளிச் சட்டைகளின் கைகளை வெட்டித் தைத்து எனக்கு அளவாக்கினார். தைக்கும்போது ஏன் அழுதார் என்பது எனக்கு விளங்கவில்லை. தையல் நன்றாகத்தான் வந்திருந்தது.

காக்கா அந்தப் பணிமனையிலேயே இருந்தார். என் படிப்பு முடியட்டும், பிறகு திருமணம் என்றார். பிறகு உம்மாவின் வைத்தியம் வந்தது. பிறகு திருமணத்தைப் பற்றிக் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. அர்பாபுக்குப்பின் அவருடைய மகன் உரிமையாளரானார். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று காக்கா விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போனார். குழலின் உதவாத நீளத்தைப் பற்றி வகுப்பறையில் நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வந்ததில்லை.

புதன்கிழமை தாள்களில் கையெழுத்திட்டவர் அந்த மகன்தான். முதியவராகிவிட்டார். கையெழுத்திட்டபின் பேனாவை மூட முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

துண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் பழைய உற்பத்தியாளரின் சீரான விளிம்பு. மறுமுனை சாய்ந்திருக்கிறது, ரம்பம் வழுக்கிய கீறல்கள் அப்படியே இருக்கின்றன. சிறந்த கடைசல்காரர் என்று பெயரெடுத்தவர், ஒரு நாள் மதிய இடைவேளையில் திருத்தியிருக்கலாம். திருத்தாமல் வைத்திருந்திருக்கிறார்.

செய்யப்படாதவை:

அறைச் சாவியை ஒப்படைப்பது.

அவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த மூக்குக்கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்குவது.

ஊரில் உம்மாவின் கபரடிக்கு அவரை ஒருமுறை அழைத்துச் செல்வது.

ஜீப்பில் ஏறியவருக்கு மாடியிலிருந்து கையசைப்பது.