ஊர் மாப்பிள்ளையின் பேஞ்சோவில் ஒட்டிய பிக்கப்

என் பேஞ்சோவுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. என்னைத் தவிர யாருக்கும் அது கேட்காது.

வெளிநாட்டுக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற வட்டமான சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பேஞ்சோ ஒரு நீளமான மரப்பெட்டி. மேலே கம்பிகள், கம்பிகளுக்கு மேல் டைப்ரைட்டரில் இருப்பதுபோல் வரிசையாகக் கட்டைகள். இடது கையால் கட்டையை அமுக்கி வலது கையால் கம்பியைச் சுண்ட வேண்டும். மடியில் வைத்து வாசித்தால் தொடை அதிர்வது நமக்குத் தெரியும். பக்கத்து ஆளுக்கு அதுவும் தெரியாது.

அருப்புக்கோட்டையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. மதியம் இரண்டு மணிக்குமேல் மாடுகூட எங்கள் கடைப் பக்கம் வராது. அந்த நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நானாகவே வாசிக்கப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயமே.

என் மனைவியின் ஊர் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமான வருடம் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தோம். அந்த ஊர் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பது என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். நான் பேஞ்சோ வாசிப்பேன் என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள் போல. ஒரு பேச்சுக்கு, "மாப்ளேயும் வந்து உக்காரலாமே" என்றார். உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஊர் மாப்பிள்ளையை எழுப்பவும் முடியாது. அந்த ஊரில் அது ஒரு சட்டம். மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுபோய் முள்ளுக்குள் விட்டால் முள்ளைத்தான் திட்டுவார்கள். மாப்பிள்ளை உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஊர் முழுக்க உப்பில்லாமல் சாப்பிடும். இப்படி ஒரு மரியாதையை நான் அருப்புக்கோட்டையில் என் சொந்தக் கடையில்கூடப் பார்த்ததில்லை. அதனால் வருடம் தவறாமல் போய்விடுவேன்.

ஒரே ஒரு குறை, மைக். குழுவுக்கு மூன்று மைக்குகள். பாடுகிறவருக்கு ஒன்று, மச்சானின் ஆர்மோனியத்துக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று. டோலக்கை மைக் இல்லாமல் அடித்தாலே மல்லாங்கிணறு வரைக்கும் கேட்கும். அதற்கு எதற்கு மைக் என்று ஒரு வருடம் கேட்டேவிட்டேன்.

"பேஞ்சோ தன்னால கேக்கும் மாப்ளே. அதோட தன்மை அப்புடி" என்றார் மச்சான்.

அவர் சொன்ன தன்மையை நான் பதினாறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆண்கள் கோயில் வாசலில் உட்காருவோம். பெண்கள் எதிரே, வேப்பமரத்தைத் தாண்டி. குழு ஒரு அடி பாட, அவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டும். அங்கேதான் என் மனைவியும் இருப்பாள். ஒவ்வொரு வருடமும் முடிந்ததும் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு."

இதை நம்பிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். போன வருடம் முதல் பாட்டிலேயே சுண்டுகிற கம்பி அறுந்துவிட்டது. மாற்றுக் கம்பி கொண்டு போகவில்லை. எழுந்து போனால் அசிங்கம் என்று கடைசி வரைக்கும் வெறும் கட்டையை அமுக்கிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் கேட்டேன். வழக்கம்போல் சொன்னாள், "கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்க ஏமாற்றட்டும், பரவாயில்லை. இவளுமா? ஒரு முடிவு எடுத்தேன். அந்த வேப்பமரத்தைத் தாண்டி அவள் காதில் என் பேஞ்சோ ஒரு தடவையாவது விழ வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை அடுப்பில் வைத்தாலும் சரி.

பிக்கப் என்று ஒன்று இருப்பதை போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பித்தளையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லை. ஒரு பக்கம் ஒட்டுகிற டேப், மறுபக்கம் வயர். வாத்தியத்தின் மரத்தில் ஒட்டி, வயரை ஆம்ப்ளிபயரில் செருகினால் மர அதிர்வு சத்தமாக வந்துவிடும். விலை ஒரு மூட்டைத் தவிட்டுக்குக் காணாது. ஆர்டர் போட்டேன், நாலாம் நாள் வந்துவிட்டது.

ஒட்டினேன். விழுந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி விழுந்தது. விலையைப் பார்த்து, ஏமாந்துவிட்டோம் என்று கம்பெனிக்காரனின் வம்சத்தையே திட்டினேன். அப்புறம் வில்லையைத் திருப்பிப் பார்த்தால் டேப்பில் மஞ்சளாகப் பொருக்கு. சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் மனைவி தராசுக்கும், கல்லாப்பெட்டிக்கும், பேஞ்சோவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். பழையதைத் துடைக்க மாட்டாள், அதன் மேலேயே வைப்பாள். பதினாறு வருடச் சந்தனம் மரத்தின் மேல் இன்னொரு மரமாக இறுகிக் கிடந்தது. நான் பிக்கப்பை ஒட்டியது பேஞ்சோவில் அல்ல, சந்தனத்தில்.

கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அவள் சாப்பாடு கொண்டு கடைக்கு வந்தாள்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தயா சொரண்டுறீக?"

"சாமிக்கு எங்க வச்ச? பேஞ்சோவுக்கு வச்ச."

"பேஞ்சோவுக்குள்ள சாமி இல்லாமயா இத்தன வருசம் ஒங்கள அங்க உக்கார விடுறாக?"

நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அவள் டிபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரிக் குழம்பில் உப்பில்லை. அதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

சந்தனம் போன இடத்தில் வில்லை கல் மாதிரி உட்கார்ந்தது. கடையில் பாட்டுக் கேட்கிற பழைய ஆம்ப்ளிபயர் ஒன்று இருந்தது. செருகி, ஒரு கட்டையை அமுக்கினேன். "டக்." இன்னொன்று. "டக்." கம்பியின் நாதம் எங்கோ பின்னால் வர, முன்னால் கட்டை விழுகிற சத்தம் இடி மாதிரி விழுந்தது. ஒரு பாட்டு முழுசாக வாசித்தேன். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் டைப் அடிப்பதுபோல இருந்தது. தவிடு வாங்க வந்தவர், "அண்ணாச்சி, ஜெராக்ஸும் போட ஆரம்பிச்சிட்டீகளா" என்று கேட்டார்.

பழைய பனியனைக் கிழித்து ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் துண்டு துண்டாக ஒட்டினேன். வில்லையைக் கட்டைகளை விட்டுத் தள்ளி, கம்பி இறங்குகிற முனைக்குப் பக்கத்தில் மாற்றினேன். டக் அடங்கியது. கம்பி பேச ஆரம்பித்தது. கடைக்கு எதிரே படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உயிர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறது.

பொங்கலன்று காலை கிளம்பும்போது பார்க்கிறேன், வில்லையின் மேலேயே சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். "புதுசா ஒண்ணு வந்துருக்கு. பொட்டு வைக்காமயா கோயிலுக்குக் கொண்டு போவீக?" என்றாள். துடைத்தால் பஸ்ஸுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. விட்டுவிட்டேன்.

மைக் செட் போட வந்தவர் பாளையம்பட்டிக்காரர், நம் கடைக்கும் வருகிறவர். வயரை நீட்டினேன். அவர் வயரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவசியம் செருகணுமா?"

"செருகுங்க."

மச்சான் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. முதலில் ஊர் அம்மன் பாட்டு. அந்த ஊருக்கு மட்டுமே உள்ள பாட்டு, வேறெங்கும் கிடையாது. பதினாறு வருடமாக நான் அதிகம் பழகியதும் அதுதான். முதல் அடி. இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் என் பேஞ்சோ கணீரென்று போனது. பெண்கள் பக்கம் தலைகள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுண்டினேன்.

இரண்டாவது அடியின் கடைசியில் பாட்டுக்காரர் குரல் இறங்கியது. ஆர்மோனியம் இறங்கியது. என் பேஞ்சோ மட்டும் ஏறியது. ஏறி, வேப்பமரத்து உச்சியில் போய் நின்றது. பாட்டுக்காரர் திறந்த வாயை மூடவில்லை. டோலக் ஒரு தட்டு தவறி நின்றுவிட்டது. அடுத்து பெண்கள் திருப்பிப் பாட வேண்டும். இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் பாடியது. கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு, இரண்டாவது அடியை முழுசாகப் பாடி, கடைசியில் நான் ஏறிய அதே இடத்தில் அதேபோல் ஏறி நின்றது. என் மனைவி.

கண்ணைத் திறந்து பார்த்தாள். சுற்றிலும் யாரும் பாடவில்லை. பக்கத்தில் இருந்தவள் சிரிக்க, இன்னொருத்தி சிரிக்க, மொத்தப் பெண்கள் கூட்டமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. அவள் முகம் வில்லைமேல் வைத்த குங்குமம் போல் ஆகிவிட்டது.

மச்சான் என் பக்கம் சாய்ந்தார். "மாப்ளே, அந்த எடத்துல எறங்கணும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

"பதினாறு வருசமா தப்பாவா வாசிக்கிறேன்? ஏன் சொல்லல?"

"ஊரு மாப்ளேகிட்ட எப்புடிங்க சொல்றது?" என்றார், பாவம், உண்மையாகவே சங்கடப்பட்டு. "மொத வருசமே வீட்டுத் திண்ணையில நீங்க வாசிச்சுப் பாக்கயில கேட்டுட்டேன். அதான் மைக்கு வைக்கல."

வயரை நானே பிடுங்கினேன். ஸ்பீக்கர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. டோலக்குக்காரர் மறுபடி தொடங்கினார். பாட்டு நன்றாக நடந்தது. நான் கட்டையை அமுக்கிக்கொண்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் இறங்கிப் பழகினேன். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்காக நின்றோம். அவள் பொங்கல் தூக்குவாளியைப் பிடித்திருந்தாள், நான் பேஞ்சோவைப் பிடித்திருந்தேன். அவமானம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் நான்தான் முதலில் ஆரம்பித்தேன்.

"போன வருசம் கம்பி அறுந்துபோச்சு. நான் வாசிக்கவே இல்ல. அப்பவும் கேட்டுச்சுன்னு சொன்னியே?"

"கேட்டுச்சுதான். பொங்கலுக்கு முன்னாடி ஒரு மாசமா கடையில, வீட்டுல, மொட்ட மாடியில அதையேதான போட்டு உயிர எடுத்தீக. அங்க போய் உக்காந்தா காதுக்குள்ள அதுதான் ஓடுது. அத வச்சுத்தான் நான் பாடுறேன். அண்ணன் ஆர்மோனியத்த யாரு கேட்டா?"

"அந்த எடம் தப்பாம்" என்றேன்.

"இருக்கட்டும். எனக்கு அப்புடித்தான் வரும்."

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வருசா வருசம் கேட்டுச்சா கேட்டுச்சான்னு என்கிட்ட கேக்குறீக. நானும் பதினாறு வருசமா அங்க உக்காந்து பாடிக்கிட்டுத்தான் இருக்கேன். என் சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டுச்சு, நல்லா இருந்துச்சு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பதிலின் லட்சணம் எனக்குத் தெரியாதா.

"நேத்துத்தான்" என்றேன்.