இடக்கை முடிச்சு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். குருநகரில் கடலுக்குப் போகிறவர்களின் வீடு. மின்னணுவியல் படித்தேன். அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பிறகு, கேட்கவும் கதைக்கவும் கூடிய ஒரு வானொலிப் பெட்டியை முன்னறை மேசையில் நானே கட்டினேன். அதிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் என் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அனுமதிப்பத்திரம் வந்த அன்று அப்பா அதை மீன் சந்தை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். கூரைக்கு மேலே ஏரியல் கம்பி ஏறிய பிறகுதான் அவருடைய பேச்சுக் குறைந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஏரியலைக் கொழுவ முதல், ஒரு சின்னப் பல்பை வைத்துப் பரிசோதித்திருந்தேன். பொத்தானை அழுத்திக் கதைத்தால் பல்ப் மின்னியது. அந்தத் துணிவில்தான் கண்டியிலிருந்த ஒரு மூத்த அமெச்சூரிடம் சனிக்கிழமை பின்னேரம் கூப்பிடச் சொன்னேன்.

அவர் கூப்பிட்டார். எனக்குக் கிடைத்த அழைப்புக்குறியை முதன்முதலாக இன்னொருவருடைய குரலில் கேட்டேன். பொத்தானை அழுத்திப் பதில் சொன்னேன். அவர் திரும்பவும் கூப்பிட்டார். "உங்களைக் கேட்கவில்லை, காத்திருக்கிறேன்" என்றார். நான் கத்தியே பார்த்தேன். கடைசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருட்டு.

"கொண்டா, நான் ரோச் பிடிக்கிறன்" என்று கைவிளக்கை வாங்கினார் அப்பா.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, "எங்கை பிழை?" என்று கேட்டார்.

"என்ரை பிழையாத்தான் இருக்கும்."

அவர் ரோச்சை இன்னும் கிட்டப் பிடித்தார். நான் இணைப்புகளை ஒவ்வொன்றாக உருக்கித் திரும்பவும் பற்றவைத்தேன். நல்ல ட்ரான்சிஸ்டரைக் கழற்றிப் புதிது போட்டேன். வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, கண்டிக்காரன் செவிடோ? இல்லாட்டி உன்ரை படிப்புத்தான் பெட்டிக்குள்ளை இறுகிப்போச்சோ?"

காது சுட்டது. மீட்டரை எடுத்து நிதானமாக அளக்கத் தொடங்கினேன். பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் பக்கம் பன்னிரண்டு வோல்ட் வந்தது. ஒலியை வெளியே அனுப்பும் பலகையில் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சிவப்பு வயர் மட்டும். அது மற்ற வயர்களோடு சேர்த்து நூலால் கட்டிய கட்டுக்குள் போனது.

அந்தக் கட்டு நான் போட்டதல்ல. என்னுடையது சாதாரண முடிச்சு. இது கிழிந்த வலையைப் பொத்துகிற முடிச்சு, அதுவும் மறுபக்கமாகச் சுற்றியது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலை பொத்தத் தெரியும். இடக்கையால் பொத்துகிறவர் ஒருவர்தான்.

நூலை அவிழ்த்தேன். சிவப்பு வயர் வெட்டப்பட்டு, நுனிகள் இரண்டும் பக்குவமாக உள்ளே செருகப்பட்டிருந்தன. ரோச் வெளிச்சம் கொஞ்சமும் அசையவில்லை.

"அப்பா, இதை நீங்களோ வெட்டினது?"

"ஓம்."

"நான் தேடேக்கை லைற்றும் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களே!"

"நீ கேள் பிள்ளை. கேக்கிறதாலை ஒண்டும் வராது. கதைக்கத்தான் வேண்டாம்."

"எனக்கு அனுமதி தந்திருக்கு."

"உன்ரை சித்தப்பாட்டையும் அடையாள அட்டை இருந்தது. அவன்ரை கையிலை இருந்தது பாட்டுக் கேக்கிற ரேடியோ. அதிலை ஏரியல் கம்பி நீட்டியிருக்கு எண்டு ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவங்கள்."

சித்தப்பா இன்னும் வரவில்லை. இறந்தோர் திருநாளில் அவருக்கு நாங்கள் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. அந்தப் பயம் எனக்கு விளங்கும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அவ்வளவுதான். அவரோ, "என்ரை பிழை" என்று நான் சொன்னபோது பேசாமல் வெளிச்சம் பிடித்தார். சந்தையில் அவர் பெருமையாகக் காட்டிய என் படிப்பை நானே சந்தேகிக்க விட்டார்.

அவர் பார்த்திருக்கவே வயரைப் பொருத்தினேன். அடுத்த சனிக்கிழமை கண்டி பதில் சொன்னது. போன கிழமை என்ன நடந்தது என்று அந்த மூத்தவர் கேட்டார்.

"ஒரு வயர் அறுந்திருந்தது" என்றேன்.

அப்பா யன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். "மெல்லமாக் கதை" என்றார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

இப்போதும் பெட்டியைத் திறந்தால் ரோச் பிடிக்க வருவார். வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் மூடியின் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன். யாரும் திருகினால் பூச்சில் வெடிப்பு விழுந்து காட்டிக்கொடுக்கும். பெட்டியைப் போட்டுக் கதைக்க முதல் அதைப் பார்க்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன்.