கர்க்கடக மழையில் காட்டிய வீடு

வீடு விற்றுக் கொடுக்கிற தொழிலுக்கு நான் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் தொழிலில் வருஷத்துக்கு ஒரு மாதம் போனே அடிக்காது. எங்கள் ஊர் நாகர்கோவிலில் ஆடி என்று சொல்வதை, நான் தொழில் செய்யும் திருவனந்தபுரத்தில் கர்க்கடகம் என்பார்கள். அந்த மாதம் யாரும் குடிபோக மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள், வீடு பார்க்கக் கூப்பிட்டால்கூட "சிங்கம் பிறக்கட்டும் சேச்சி" என்று வைத்துவிடுவார்கள். சிங்கம், அதாவது நம் ஆவணி, பிறந்ததும் எல்லாம் தலைகீழ். ஓணத்துக்கு லீவில் வரும் வளைகுடாக்காரர்கள் திரும்பிப் போவதற்குள் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று பறப்பார்கள். நானும் ஸ்கூட்டரில் அவர்களுக்கு முன்னால் பறப்பேன்.

அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கோடையிலேயே வீடுகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்வார்கள். நீல வானம், வெள்ளைச் சுவர், கேட்டுக்கு மேல் பூத்த போகன்வில்லா. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வீட்டை ஏழெட்டுப் பேர் போட்டிருப்பார்கள். காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங், மத்தியானம் அர்ஜென்ட் சேல். முகமே தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருப்போம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. எதிரில் உட்கார்ந்து பேசினால்தான் எனக்கு வியாபாரம் வரும்.

போன கர்க்கடகத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கிரகாரத் தெருவுக்குப் பின்னால், கிணறும் சின்ன முற்றமுமாகத் தானே கட்டிய வீடு. மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார், வீட்டை விற்க வேண்டும்.

"மாமி, இது கர்க்கடகமாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"விக்கறதுக்குத்தானேடி தோஷம்? காட்டறதுக்கு என்ன தோஷம்? நீ வா."

மறுநாள் வெயில் அடித்தது. என் கணவருக்குப் பழவங்காடியில் பாத்திரக் கடை. கல்யாணமும் பால்காய்ச்சலும் இல்லாத மாதத்தில் அங்கேயும் ஈ ஓட்டுகிற வேலைதான். அவரும் கடையை வேலைப் பையன்களிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். நான் போனை நீட்டிப் பிடித்து, "இது நாலு சென்ட் இடம், ரெண்டு பெட்ரூம், வற்றாத கிணறு" என்று ஆரம்பித்தேன். கிணற்றடிக்குப் போவதற்குள் வானம் இருட்டி, சடசடவென்று மழை கொட்டத் தொடங்கியது.

"மாமி, மழை விடட்டும், பொறவு எடுக்கேன்."

"நிறுத்தாதே! தண்ணி எப்படி வடியறதுன்னு காட்டு. முற்றத்துல ஒரு சொட்டு நிக்காது, கேட்டியா? வெயில்ல எந்த வீடுதான் நன்னா இருக்காது?"

என் கணவர் மாமியின் குடையை வாங்கி எனக்கும் போனுக்கும் சேர்த்துப் பிடித்தார். ஓட்டு விளிம்பிலிருந்து வரிசையாக விழும் தண்ணீரையும், அது சாய்வான தளத்தில் ஓடிக் காணாமல் போவதையும் காட்டிக்கொண்டே விடாமல் பேசினேன். அப்போதுதான் திரையின் கீழே எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தேன். பதிவு செய்கிறோம் என்று நினைத்து நேரலையை அழுத்தியிருக்கிறேன். எங்கெங்கோ இருந்து யார் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: 'சேச்சி, கொஞ்சம் வாயை மூடி மழையைக் காட்டுங்க.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். மழை மட்டும் பேசியது.

அதன்பிறகு மழை கனத்தால் போதும், நேரலை போடச் சொல்லிப் போனில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஷார்ஜாவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும், மழையே பார்க்காமல் மாதக்கணக்காக இருக்கிறவர்கள். நானும் கணவரும் கிளம்பி மாமி வீட்டுக்குப் போய்விடுவோம். மாமி சூடாகக் காப்பி கொடுப்பார். படத்தில் குடை பிடித்த, வாட்ச் கட்டிய கை மட்டும் தெரிவதால், 'குடைச் சேட்டன் சுகமா?' என்று விசாரிப்பார்கள். புரோக்கர்கள் குழுவில், மழைக்கு சென்ட் என்ன விலை என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். அந்த மாதத்தில் அவர்களில் யாருக்கும் எனக்கு இருந்ததுபோல் பேச ஆள் இல்லை.

அப்படித்தான் அந்த நர்ஸ் பழக்கமானாள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண், துபாயில் வேலை. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா எடுக்கண்டாம். எனக்கு வீடொண்ணும் வேண்டாம். நைட் டூட்டி கழிஞ்சு ரூமுக்கு வந்தா உறக்கமே வராது. உங்க மழையக் கேட்டாத்தான் கண்ணடையுது."

"அதுக்கென்ன மோளே, கேளு. மழைக்குக் கமிஷன் கிடையாது."

அவளுடைய கணவன் வேறு நாட்டில், சலாலாவில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். இருவரும் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் லீவு நாட்களில்தான். அவனையும் அவள் நேரலைக்கு இழுத்து வந்தாள். முதலில் மழையைப் பார்த்தார்கள். பிறகு அவள், சமையலறை ஜன்னலைத் திறந்தால் கிணறு தெரியுமா என்று எழுதினாள். அவன், மழை பெய்யும்போது பைக்கை எங்கே நிறுத்துவது என்று கேட்டான். இன்னொரு நாள் கிழக்குப் பக்கத்து அறையில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எழுத்திலேயே மல்லுக்கு நின்றார்கள்.

மாமி என் தோள் வழியாக எட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் வாங்கவே இல்லை, அதுக்குள்ள கட்டில் போட்டாச்சா? ஜன்னல் பக்கம் போடச் சொல்லுடி, காத்து வரும்."

அன்று சாயங்காலமே அவள் கூப்பிட்டாள். "அக்கா, நாங்க ரெண்டு பேரும் பேசினோம். வீடு எங்களுக்கு வேணும். ஓணத்துக்கு வருவோம். அது வரைக்கும் கொடுத்துராதீங்க, ப்ளீஸ்."

மாமியிடம் சொல்லத்தான் போனேன். அதற்குள் நகரத்திலேயே இருக்கிற ஒருவர், சிங்கம் ஒன்றாம் தேதியே எழுதிக்கொள்கிறேன் என்று நேரில் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர். விலையிலும் வித்தியாசமில்லை. எனக்குத் தயக்கமாக இருந்தது. போனில் மட்டும் பழகியவர்களை நம்பி, வாசலில் வந்து நிற்கிறவரை எப்படி அனுப்புவது?

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவர் ஆத்தைச் சுத்திப் பார்த்துட்டுப் போனார். இவா ரெண்டு பேரும் ஒரு மாசமா குடியிருக்காடி. காலி பண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

ஓணத்துக்கு நாலைந்து நாள் முன்பு அவர்கள் வந்தார்கள். மழை விட்டுத் தெருவெல்லாம் பளிச்சென்று காய்ந்து கிடந்தது. நான் கேட்டைத் திறந்து, வழக்கம்போல், "இது வந்து..." என்று தொடங்கினேன். அவள் என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். அவன் வராந்தாவில் கதவுக்குப் பின்னால் கையை விட்டுச் சரியாக விளக்கைப் போட்டான். வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவரின் கையில் வாட்சைப் பார்த்ததும், "ஐயோ, குடைச் சேட்டன்!" என்று கத்திவிட்டான். என் கணவர் வெட்கப்பட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவனோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார், முகமும் தெரியும்படி.

பாங்க் லோன் வேலை ஏற்கெனவே முடிந்திருந்ததால் திருவோணத்துக்கு முன்பே பத்திரம் பதிந்தாயிற்று. அவளுக்கு இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அவன் அடுத்த வருஷம் வந்துவிடுவானாம்.

திருவோணத்தன்று மாமி எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். சாமான்களெல்லாம் கோயம்புத்தூர் லாரியில் போய்விட்டன. வெறும் தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். ஓலன், காளன், அவியல், பரிப்பு என்று மாமி பரிமாற, அந்தப் பெண் பின்னாலேயே அப்பளத் தட்டோடு வந்தாள். அடைப் பிரதமன் வரும்போது யாருடைய வீட்டில் யார் விருந்தாளி என்பதே குழம்பிவிட்டது. மாமி அவளிடம், "நீ உக்காரு, நான் போடறேன்" என்றார். அவள் மாமியிடம், "இல்லல்ல, நீங்க இருங்க, நான்தானே போடணும்" என்றாள். கரண்டியை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் காலி இலையைக் காட்டி, "யாராவது ஒருத்தர் போடுங்க" என்றார்.