நேற்று மத்தியானம் வரைக்கும்தான்

எங்கள் டயாலிசிஸ் சென்டரில் மத்தியானம் ஆனால் சமரீன் சர்வர் அறையிலிருந்து தலையை நீட்டுவாள். "எல்லாரும் கீபோர்டுலருந்து கைய எடுங்க" என்பாள். டாக்டர் மாதவராஜ்கூட எடுத்தாக வேண்டும், சென்டரே அவருடையது. இரண்டு மூச்சு விடும் நேரம்தான். "ம், வேலையப் பாருங்க" என்றதும் தலை உள்ளே போய்விடும். இவளுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று ரிசப்ஷனில் உட்கார்ந்து நான் பொருமாத நாள் கிடையாது.

தருமபுரிக்காரி. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஏன் என்று கேட்டால், "தெனம் ரயில்ல தொங்க முடியலக்கா" என்பாள்.

ஒரே லினக்ஸ் சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போலச் சில விர்ச்சுவல் மெஷின்களை ஓடவிட்டிருந்தாள். நோயாளிகளின் எடை, மருந்து அளவு எல்லாம் அவற்றில் ஒன்றில்தான் இருந்தது. நாங்கள் கையை எடுக்கும் அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருக்கிறதோ அதை ஸ்னாப்ஷாட்டாக நிறுத்திக்கொள்வாள். அதற்குப் பிறகு நாங்கள் எதை மாற்றி எழுதினாலும், பழையது ஓரமாக எடுத்து வைக்கப்படும். அந்த ஸ்னாப்ஷாட்டைப் பார்த்து, சர்வருக்கு வெளியே வேறொரு டிஸ்கில் நிதானமாக நகல் எடுத்துவிட்டு, ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுவாள்.

"ஸ்னாப்ஷாட்தான் இருக்கே, இன்னொரு டிஸ்க் எதுக்கும்மா?" என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"அதுவும் அதே டிஸ்க்லதாங்க சார் இருக்குது. வூடு எரிஞ்சா பீரோவுல இருக்கற பொடவ மட்டும் தப்பிக்குமாங்க?"

வாரம் தவறாமல் சமரீன் அந்த நகலைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பாள். நாலு பேர் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னையும் இழுப்பாள். பெரிய ரோதனை என்று முனகிக்கொண்டே போவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. இடி இடித்து, கரண்ட் போய் வந்தது. சர்வரின் டிஸ்குகள் செத்துப்போயின. டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. அரூர் பஸ்ஸில் வந்த நோயாளிகள் படுக்கையில் காத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நீர் இறக்குவது, என்ன மருந்து போடுவது என்று ஒன்றும் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

சமரீன் பதறவில்லை. பழைய கம்ப்யூட்டரில் நகலை ஏற்றினாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். டெக்னீஷியன் அருண்குமார் அளவுகளைப் பார்த்துக்கொண்டு ஓடினார்.

"கை தட்டறத நிறுத்துங்க!" என்று சத்தம் போட்டாள் சமரீன். "இது நேத்து மத்தியானம் வரைக்கும்தான். அதுக்கப்பறம் எழுதுனது எதுவும் இதுல இல்ல. யாரு என்ன எழுதுனீங்க, இப்பவே சொல்லுங்க."

தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வரும் குள்ளம்மாளின் மகன் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்திருந்தான். அம்மாவுக்கு வயிற்றில் ரத்தம் கசிகிறதாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி அவருக்குக் கூடவே கூடாது என்று டாக்டர் போனில் சொல்ல, கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். இப்போது திரையில் அது இல்லை. பழைய அளவு பளிச்சென்று நின்றது.

"அருணு, குள்ளம்மாளுக்கு ஹெப்பாரின் போட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் ஊசியில் மருந்தை ஏற்றி முடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே தட்டில் வைத்தார்.

"இன்னிக்கி அந்த ஊசி இல்லீங்களா?" என்றார் குள்ளம்மாள். "நல்லதாப் போச்சு." கண்ணை மூடிக்கொண்டார்.